இடது பக்கம் சாடு

டீயில் இஞ்சி தட்டிப் போட்டிருக்கிறார்கள், நன்றாக இருக்கிறது சார். ஸ்டேஷனில் இஞ்சி டீ கொடுத்தார்கள் என்று ஊரில் போய்ச் சொன்னால் ஒருத்தனும் நம்ப மாட்டான்.

நீங்கள் மதுரைப் பக்கம், கபடி தெரியும், கால்பந்து அவ்வளவாகத் தெரியாது என்றீர்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஏட்டையா பேப்பர் எடுக்கப் போன இடைவெளியில் சும்மா பேச்சுக்கு ஒரு கேள்வி கேட்டீர்கள், ஒரு டீமுக்கு நல்ல கேப்டன் என்றால் அவனிடம் என்ன இருக்க வேண்டும் என்று. நான் எங்கள் விண்மீன் கிளப்புக்கு ஏழு வருஷமாகக் கேப்டன். கோட்டுக்கு வெளியே நின்று என்னைத் திட்டியவர்கள் ஊர் நிறைய உண்டு. இப்படி ஒரு கேள்வி கேட்டவர் நீங்கள்தான் முதல். அதனால் ஒழுங்காகவே பதில் சொல்லுகிறேன். ஏசுஅடிமை மாமாவையும் அவர் மகன் டிஜோவையும் கடைசியாக எப்போது பார்த்தேன் என்று கேட்கத்தானே கூப்பிட்டீர்கள்? அதுவும் இந்தப் பதிலுக்குள்ளேயே வந்துவிடும்.

கேப்டன் என்றால் டீமிலேயே நன்றாக விளையாடுகிறவன் என்று பலபேர் நினைக்கிறார்கள். சுத்த அபத்தம். நான் ஸ்டாப்பர் பேக், கோலிக்கு முன்னால் நிற்கிற ஆள். என் காலுக்குப் பந்து வந்தால் எங்கள் ஆட்களே கண்ணை மூடிக்கொள்வார்கள். இடது கால் என்று ஒன்று எனக்கு இருப்பது பேண்ட் போடும்போதுதான் ஞாபகம் வரும். ஆனாலும் ஏழு வருஷமாகக் கைப்பட்டை என் கையில்தான் இருக்கிறது. ஏன்? குரல் சார். "பாத்துக்கிடலாம் மக்கா" என்று நான் சொன்னால் பத்துப்பேர் வயிறும் அடங்கும்.

என் தொழிலிலும் அதே கதைதான். வள்ளத்து எஞ்சின் ரிப்பேர் பார்க்கிறவன் நான். இனயத்திலிருந்து வரும் ரோட்டில் எங்கள் ஊர் திரும்புகிற இடத்தில் ஷெட் இருக்கிறது. கடலில் எஞ்சின் நின்றுபோனால் கரைக்காரன் எவனும் பெண்டாட்டிக்கு போன் போட மாட்டான், எனக்குத்தான் போடுவான். பிளக்கைக் கழற்றித் துடை, எண்ணெய் வருகிற ஓஸ் குழாயை உதறு, ஒரு பீடி குடி, அப்புறம் இழு என்று சொல்லுவேன். பாதி எஞ்சின் என் குரலைக் கேட்டே ஸ்டார்ட் ஆகிவிடும் என்று ஊரில் கேலி செய்வார்கள். கேலி என்றாலும் அதில் உண்மை இல்லாமல் இல்லை.

அடுத்தது, கவனம். ஒருமுறை செமி ஃபைனலில் ஹாஃப் டைமில் எங்கள் ஞானசிங்குக்கு போன் வந்தது, ஆஸ்பத்திரியில் இரட்டைப் பெண்குழந்தை பிறந்திருக்கிறது என்று. பயல் சந்தோஷத்தில் செகண்ட் ஹாஃப் முழுக்கச் சிரித்துக்கொண்டே ஓடினான். கடைசியில் எங்கள் கோலிலேயே பந்தை அடித்தான். அடித்துவிட்டும் சிரித்தான். மறுநாளே நான் புதுக்கடைச் சந்தையில் ஒரு துணிப்பை வாங்கினேன். அன்றிலிருந்து மேட்ச் தொடங்குமுன் எல்லாருடைய போனும் அந்தப் பைக்குள் போய்விடும். பை மானேஜர் குமாரதாஸின் மடியில் இருக்கும். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம், அந்த வேலைக்குப் பொருத்தமான ஆள். என் போனை மட்டும் அணைப்பதில்லை, கமிட்டிக்காரர்கள் கூப்பிடுவார்கள். பைக்குள் வருகிற எந்த அழைப்பையும் எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்கிறவன் நான். பாரமான பொறுப்புதான், ஆனால் யாராவது சுமக்க வேண்டுமே.

இந்த வருஷ ஃபைனலுக்கு வருமுன் பழைய ஃபைனல் ஒன்றைப் பற்றியும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் உங்களுக்குப் புரியாது. எங்கள் ஊரில் கோயில் மணி நிறுத்தாமல் அடித்தால் கடலில் ஆள் ஆபத்தில் என்று அர்த்தம். அப்போது சோறு தின்றுகொண்டிருக்கிறவன் கையைக் கழுவ மாட்டான், அப்படியே ஓடுவான். மூன்று வருஷத்துக்கு முன்னால் திருவிழா ஃபைனலில் இரண்டு கோல் முன்னால் நின்றோம். மணி அடித்தது. கோலி ஓடினான், பேக் ஓடினான், லைன்மேன் கொடியோடு ஓடினான். மேடையில் இருந்த ஃபாதர் அங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். நானும் ஓடினேன், கயிறு பிடித்தேன். அலையில் கவிழ்ந்த வள்ளத்திலிருந்து நாலுபேரையும் உயிரோடு கரை சேர்த்தோம். நல்ல காரியம், இல்லையென்று சொல்லவில்லை. ஈரத்தோடு திரும்பி வந்து பார்த்தால் ரெஃப்ரி விசிலை ஊதி மேட்சை எதிர்டீமுக்குக் கொடுத்துவிட்டார். அவர்கள் கோப்பையை டெம்போவில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நான் ரோட்டோரமாக நின்று பார்த்தேன். அழுதேன் என்று சொல்லவும் எனக்குக் கூச்சமில்லை. அந்த நாலுபேரில் ஒருத்தனாவது வந்து, உன் கோப்பை எங்களால் போயிற்றே அண்ணா என்று ஒரு வார்த்தை சொன்னானா? இல்லை.

இனி டிஜோ. இருபது வயசு, இடது விங். ஏசுஅடிமை மாமாவுக்கும் குளோரி மாமிக்கும் இரண்டாவது மகன். மூத்தவன் பெனின்தான் எங்கள் கோலி. டிஜோ காலில் பந்து இருந்தால் கூட்டம் எழுந்து நிற்கும். நல்ல பிள்ளை, மரியாதையுள்ள பிள்ளை, என்னை அண்ணா அண்ணா என்றுதான் கூப்பிடுவான். ஆனால் சொன்னபடி கேட்க மாட்டான். இந்த வருஷ செமி ஃபைனலில் கடைசி நேரத்தில் பந்தைக் கோடு தாண்டி வெளியே அடித்து நேரத்தைக் கழி என்று கத்தினேன். அவன் கேட்காமல் மூன்று பேரை வெட்டிக்கொண்டு போய் கோல் அடித்தான். ஜெயித்தோம், சரி. ஜனங்கள் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றினார்கள். அடுத்த வருஷம் டிஜோதான் கேப்டன் என்று யாரோ கத்தினார்கள். எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். எனக்குச் சந்தோஷம்தான். அதைப் பற்றி நான் அப்புறம் நினைக்கவேயில்லை.

ஆனால் ஒழுங்கு என்று ஒன்று உண்டல்லவா. ஃபைனலுக்கு அவனை உட்கார வைப்பதென்று முடிவு செய்தேன். இதுதான் சார் கேப்டனுக்குக் கஷ்டமான இடம். நன்றாக விளையாடுகிறவனையும் நிறுத்தத் தைரியம் வேண்டும். ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. அவன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் ஜனம் சும்மா இருக்காது, ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை டிஜோ டிஜோ என்று கூவும். அது மற்ற பையன்களின் மனசைக் குலைக்கும். அவன் மைதானத்துப் பக்கமே வராமல் இருப்பது எல்லாருக்கும் நல்லது என்று பட்டது.

எங்கள் கிளப்பில் ஒரு வழக்கம் இருக்கிறது. ஃபைனல் அன்றைக்கு ஜெயித்தாலும் தோற்றாலும் மைதானத்திலேயே கிழங்கும் மீன்கறியும் வைத்துத் தின்போம். மீன் கடையில் வாங்கியதாக இருக்கக் கூடாது, டீம் ஆட்களே பிடித்ததாக இருக்க வேண்டும். நான் டிஜோவைக் கூப்பிட்டு, சனிக்கிழமை பிடித்த மீன் கெட்டுப்போயிற்று, இந்தத் தடவை மீன் உன் பொறுப்பு என்றேன். அவன் முகம் விழுந்துவிட்டது. அப்போ நான் விளையாடலியா அண்ணா என்று கேட்டான். அடுத்த வருஷம் முழுக்க உனக்குத்தான் மக்கா என்றேன். தலையாட்டினான். அன்றைக்குத்தான் முதல்முறையாக நான் சொன்னதை மறுபேச்சில்லாமல் கேட்டான்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் கடற்கரையில் யாரும் கடலுக்குப் போகக் கூடாது. ஊர்க் கமிட்டியின் சட்டம், மீறினால் கோயிலில் பெயரை வாசிப்பார்கள். அதனால் திருவிழாப் பூசைக்கு ஊரே கோயிலுக்குள் இருக்கும்போது, தூண்டில் வளைவுக்குப் பின்பக்கமாக, கல் போட்டுக் கட்டிய தடுப்பின் மறைவிலிருந்து வள்ளத்தை இறக்கச் சொன்னேன். பையனைத் தனியே விட மனசில்லாமல் ஏசுஅடிமை மாமாவும் கூடப் போனார். மாமா கமிட்டியில் இருக்கிற ஆள். வெளியே தெரிந்தால் மானம் போய்விடும். இருந்தாலும் டீமுக்காக ஒத்துக்கொண்டார். நானே நின்று வள்ளத்தைத் தள்ளிக் கொடுத்தேன். அப்போது மாமா கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"செகண்ட் ஹாஃப் காணலாம் இல்லியா மக்கா? பெனின் ஃபைனல்ல நிக்கத நான் இன்னும் கண்டதில்ல."

காணலாம் மாமா, பாறைக்கூட்டம் வரைக்கும்தானே என்றேன். அவர்களை நான் கண்ணால் கடைசியாகப் பார்த்தது அதுதான். ஏட்டையா, அதை எழுதிக்கொள்ளலாம்.

பிறகு நான் ஓடிப்போய்ப் பூசையில் சேர்ந்துகொண்டேன். கடைசி ஆசீர்வாதத்துக்கு முன்னால் ஃபாதர் அறிவிப்பு வாசித்தார், சாயங்காலம் கள்ளக்கடல் எச்சரிக்கை என்று. உங்கள் ஊரில் இது இருக்காது. காற்றும் இருக்காது, மழையும் இருக்காது, கடல் சும்மா கிடக்கிற மாதிரியே கிடக்கும். எங்கோ தூரத்தில் கிளம்பின அலை திடீரென்று வந்து ஏறும். மே மாதத்தில் இந்த அறிவிப்பு அடிக்கடி வரும். வருகிறது என்பார்கள், பல தடவை வராது. டிஜோவுக்கு போன் போட்டுச் சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். சொன்னால் உடனே திரும்பிவிடுவார்கள். மேட்ச் தொடங்குமுன் அவன் மைதானத்தில் இருப்பான். மேட்ச் நாளில் ஆட்களைக் குழப்பக் கூடாது என்பது என் கொள்கை.

மேட்ச் எப்படி இருந்தது என்று கேட்டால் நான் இரவு வரைக்கும் சொல்லுவேன், சுருக்கமாகச் சொல்லுகிறேன். எதிர்டீம் கேரள எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஆட்களை இறக்கியிருந்தது. அவர்களுடைய ஒன்பதாம் நம்பர் ஒரு ராட்சசன். தலையில் மஞ்சள் சாயம் வேறு. ஃபர்ஸ்ட் ஹாஃபில் என் காலுக்கு நடுவே பந்தை விட்டு கோல் அடித்தான். கூட்டம் டிஜோ எங்கே என்று கேட்கத் தொடங்கிவிட்டது. குளோரி மாமி பெண்கள் பக்கத்திலிருந்து குடையோடு எழுந்து கோட்டுப் பக்கம் வந்தார்.

"எங்க டிஜோவையும் அவனுக்க அப்பாவையும் கண்டியா மக்கா? பூசைக்கும் வரல்ல, சோறு திங்கவும் வரல்ல."

வந்துகொண்டிருக்கிறார்கள் மாமி என்றேன். சரி மக்கா என்று போய் உட்கார்ந்துகொண்டார்.

ஹாஃப் டைமில் பையைத் திறந்தேன். அணைத்துப் போட மறந்த பெனினின் போன் உள்ளே துடித்துக்கொண்டிருந்தது. அப்பா என்று எழுத்து. அதை அணைத்தேன். உடனே என் போன் அடித்தது, டிஜோ. மேடைக்குப் பின்னால் போய் எடுத்தேன். எஞ்சின் நின்றுவிட்டது, அலை பெரிதாக வருகிறது, வள்ளம் பாறைப் பக்கம் இழுக்கிறது என்றான். பிளக்கைத் துடை என்றேன், துடைத்தாயிற்று என்றான். ஓஸை உதறு என்றேன், உதறியாயிற்று என்றான். அவ்வளவு தெளிவாகப் பேசினான். நான் அவனுக்குச் சொன்னதை அப்படியே சொல்லுகிறேன்.

"பயப்படாண்டாம் மக்கா. வள்ளம் விடுகேன். வேற ஒருத்தருக்கும் போன் போடாண்டாம், கேட்டியா. ஞாயித்துக்கிழமை போனது தெரிஞ்சா அப்பாவுக்குத்தான் அசிங்கம்."

இதில் தப்பு என்ன சார்? எஞ்சின் நிற்பது ஒரு பெரிய விஷயமே இல்லை, என் பிழைப்பே அதுதான். நான் ஒரு வார்த்தை பெனினிடம் சொல்லியிருந்தால் பெனின் ஓடுவான். பெனின் ஓடினால் மணி அடிக்கும். மணி அடித்தால் ஊர் ஓடும். மறுபடியும் நான் ரோட்டோரத்தில் நின்று டெம்போவைப் பார்க்க வேண்டும். ஒரு டீமை இரண்டு தடவை அப்படிக் கதிகலங்க விடுகிறவன் கேப்டனா? நான் பையன்களிடம் திரும்பிப் போய், ஒன்றுமில்லை, கமிட்டிக்காரர்கள்தான், பாத்துக்கிடலாம் என்றேன். அவர்கள் முகம் தெளிந்தது. செகண்ட் ஹாஃப் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே ஞானசிங் கோல் அடித்தான். இந்த முறை சரியான பக்கத்தில்.

வள்ளத்தில் யாரை அனுப்பினாய் என்று நீங்கள் கேட்கப் போகிறீர்கள், முகத்தில் தெரிகிறது. யாரை அனுப்ப? வள்ளம் தள்ளத் தெரிந்தவன் எல்லாம் மைதானத்தில் இருந்தான். ஒருத்தனைத் தனியே கூப்பிட்டுச் சொன்னாலும் பத்துப்பேருக்குத் தெரிந்துவிடும். எங்கள் ஊரில் ரகசியம் என்பது கோயில் மைக்கில் சொல்வதற்கு முந்திய நிலை மட்டும்தான். ஆகவே அனுப்பவில்லை.

ஒன்றுக்கு ஒன்று என்று எக்ஸ்ட்ரா டைமுக்குப் போனது, அதிலும் கோல் இல்லை. பெனால்டிக்கு முன்னால் எல்லாரும் தண்ணீர் குடித்தார்கள். நான் பையைத் திறந்தேன். டிஜோ பல தடவை கூப்பிட்டிருந்தான். நானே கூப்பிட்டேன். நினைத்துப் பாருங்கள், அந்த நெருக்கடியிலும் நானே திருப்பிக் கூப்பிட்டேன். முதலில் வெறும் அலைச்சத்தம். அப்புறம் அவன் குரல், கொஞ்சம் மூச்சு வாங்கியது.

"அண்ணா, வள்ளம் எங்க வரைக்கும் வந்து? தண்ணி ஏறுது. அப்பாவுக்குக் கை தளர்ந்து போச்சு."

தூண்டில் வளைவு தாண்டியாயிற்று என்றேன். எங்கள் கரையில் வள்ளம் ஓட்டுவதில் கெட்டிக்காரனான சிலுவைதாசன்தான் ஓட்டுகிறான், முன்னால் சிவப்புக் கொடி கட்டியிருக்கிறான், சிவப்பு தெரிகிறதா பார் என்றேன். ஆளுக்குத் தைரியம் சொல்லும்போது வெறுமனே பயப்படாதே என்றால் ஒட்டாது. கண்ணால் தேட ஒரு பொருளைக் கொடுக்க வேண்டும். ஏழு வருஷ அனுபவத்தில் சொல்லுகிறேன். அவன், சரி அண்ணா, பாக்கேன் என்றான். அப்பாவிடமும் சொன்னான், அப்பா, செவப்புக் கொடி என்று. எனக்குக் கேட்டது.

பிறகு அவன் ஒன்று கேட்டான். எத்தனை என்று கேட்டான் சார். ஸ்கோர்.

ஒன்றுக்கு ஒன்று, பெனால்டி என்றேன். ஒரு அலை மோதுகிற சத்தம் கேட்டது. போன் போய்விட்டதோ என்று பார்த்தேன். அப்புறம் சொன்னான்.

"அவனுவளுக்க ஒம்பதாம் நம்பர செமிலயே பாத்தேன், என்கூட காலேஜ் டீம்ல ஆடினவன். பெனால்டின்னா எப்பவும் ஒரே பக்கம்தான் அடிப்பான். பெனின அவனுக்க இடது பக்கம் சாடச் சொல்லுங்க."

சாடுவது என்றால் எங்கள் ஊரில் பாய்வது சார். சொல்லுகிறேன் மக்கா என்றேன். போன் நின்றுவிட்டது. நான் நேராகப் பெனினிடம் போய், தோளில் கை போட்டு, காதோடு சொன்னேன், ஒன்பதாம் நம்பர் வரும்போது இடது பக்கம் சாடு, நான் கவனித்துவிட்டேன் என்று. எங்கிருந்து வந்தது என்று சொன்னால் அவன் குழம்பிவிடுவான். நல்ல யோசனை டீமுக்குள் எங்கிருந்து வந்தால் என்ன, போய்ச் சேர வேண்டிய இடத்துக்குச் சேர்ப்பது கேப்டனின் வேலை.

டீமுக்கு நாலு அடித்து நாலும் கோல். ஐந்தாவதாக அந்த மஞ்சள்தலையன் வந்தான். பெனின் இடது பக்கம் சாடினான். பந்து அவன் உள்ளங்கையில் பட்ட சத்தம் ரோடு வரைக்கும் கேட்டிருக்கும். எங்கள் கடைசிக் கிக்கை நான் அடித்தேன். கடைசிக் கிக் கேப்டன்தான் அடிக்க வேண்டும். வலது காலால்தான், பயப்பட வேண்டாம். உள்ளே போனது.

அதன்பிறகு என்ன நடந்தது என்று எனக்கே கோர்வையாக ஞாபகமில்லை. என்னைத் தோளில் தூக்கினார்கள். பெனின் அழுதுகொண்டே வந்து என் கையில் முத்தம் கொடுத்து, அண்ணன் சொன்ன பக்கம்தான் சாடினேன் என்று எல்லாரிடமும் சொன்னான். மைக்கில் ஃபாதரே சொன்னார், ஒரு நல்ல தலைவனின் கண் எப்படி இருக்க வேண்டும் என்று. வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததே கிடையாது, அதை மறைத்து என்ன பயன்? அப்போதாவது சொல்லியிருக்கலாமே என்பீர்கள். கோப்பை வாங்குவதற்கு முன்னாலா? மேடையில் விருந்தாளிகள் காத்துக்கொண்டிருந்தார்கள். வாங்கின பிறகு போட்டோ. போட்டோவுக்குப் பிறகு ஊர்வலம். அது தவிர, என் போன் அப்புறம் அடிக்கவேயில்லை. அடிக்கவில்லை என்றால் எஞ்சின் சரியாகியிருக்கும் என்றுதானே ஒரு மெக்கானிக் நினைப்பான்.

கிழங்கும் மீனும் தின்றோம். சனிக்கிழமை பிடித்த நெய்மீன்தான், ஐஸ் பெட்டியில் கிடந்தது, கெடவெல்லாம் இல்லை. குளோரி மாமி எனக்கு நடுத்துண்டாகப் பார்த்து இலையில் வைத்தார். டிஜோவுக்கும் அப்பாவுக்கும் இரண்டு துண்டு எடுத்து மூடியும் வைத்தார். இருட்டின பிறகு அவர் மறுபடியும் கேட்க வந்தபோது, வேறு கரையில் ஒதுங்கியிருப்பார்கள் மாமி என்று என் வாயில் வந்துவிட்டது. ஒதுங்கியிருப்பார்கள் என்றால், கடலுக்கா போனார்கள் என்று கேட்டார். நான் ஊர்வலத்துக்குக் கூப்பிடுகிறார்கள் என்று எழுந்துவிட்டேன். அவரே கோயிலுக்கு ஓடி மணிக்கயிற்றைப் பிடித்து இழுத்தார். ஊர் ஓடியது. நானும் ஓடினேன் சார், தேடப்போன முதல் வள்ளத்தில் முன்னால் நின்றது நான்தான். யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். ஜெர்ஸியைக்கூட மாற்றவில்லை.

மறுநாள் மாமா அடுத்த ஊர்க் கரையில் ஒதுங்கினார். டிஜோ இன்னும் கிடைக்கவில்லை. அடக்கத்துக்கு டீம் முழுவதையும் ஜெர்ஸியோடு வரிசையில் நிறுத்தினேன், பார்த்தவர்கள் எல்லாரும் கண்கலங்கினார்கள். பெனின் மட்டும் என் பக்கம் திரும்பவில்லை. சனிக்கிழமை மீனை ஐஸில் வைத்தவன் அவன்தான் என்பது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. பரவாயில்லை, துக்கத்தில் இருக்கிறான். அவனை டீமிலிருந்து எடுக்கப் போவதில்லை.

ஏட்டையா எழுதுவதை நிறுத்திவிட்டார். எழுதுங்கள், நான் எதையும் மறைக்கவில்லையே. இரண்டு அழைப்பிலும் நான்தான் பேசினேன். வள்ளம் வருகிறது என்று நான்தான் சொன்னேன். வேறு யாரையும் கூப்பிடாதே என்றும் நான்தான் சொன்னேன். வள்ளம் எதுவும் போகவில்லை. சிவப்புக் கொடியும் கிடையாது. முதல் அழைப்பிலேயே மணியை அடித்திருந்தால் இரண்டு பேரும் இருந்திருப்பார்கள். ஊர்க்காரர்கள் அவ்வளவு கெட்டி, அது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்துதான் முடிவு எடுத்தேன். முடிவு எடுப்பதுதானே கேப்டன்? நீங்கள் கேட்ட கேள்விக்கு இதைவிட நேராகப் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

கோப்பை இப்போது புதுக்கடையில் இருக்கிறது, பெயர் வெட்டக் கொடுத்திருக்கிறேன். அடித்தட்டில் வருஷத்தையும் டீமையும் கேப்டனின் பெயரையும் வெட்டுவது வழக்கம். நான் கடைக்காரனிடம், அதன்கீழே டிஜோ என்று சின்ன எழுத்தில் சேர்த்து வெட்டச் சொன்னேன். இடமில்லை என்றான். என் பெயரைக் கொஞ்சம் நெருக்கி வெட்டினால் இடம் கிடைக்கும் என்று நானே காட்டிக் கொடுத்தேன். பையன் அன்றைக்கு மைதானத்திலேயே இல்லை, விதிப்படி பார்த்தால் பெயர் போட வேண்டியதில்லைதான். இருந்தாலும் போடச் சொன்னேன். டீம் ஆளைப் பாதியில் விட்டுவிட்டு வருகிற கேப்டன் நான் இல்லை சார்.